குடைக்கார வீட்டுக் கோயில் படம்

கிருபைநத்தம் தபாலாபீசுக்குள் நுழைகிற யாரும் எடுத்த எடுப்பில் ஸ்டாம்பு வாங்கிவிட முடியாது. முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, அதன் கதையையும் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் போஸ்ட்மாஸ்டர் சவுந்தரம் மேஜை டிராயரைத் திறப்பாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் ஊர் வரும். ஊருக்கு முன்னால் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் வரும். கோயிலை ஒட்டி மூன்றாவது வீடு சவுந்தரத்தின் வீடு. அந்த வீட்டின் முன்னறைதான் தபாலாபீஸ். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரைக் கட்டை, மேஜைக்கு மேலே கண்ணாடி போட்ட படம். படத்தில் இருப்பது அதே கோயில்.

"இது எமிலி துரைசானி வரஞ்சது" என்று சவுந்தரம் ஆரம்பிப்பாள். 1894ஆம் வருஷம் சித்திரை வெயிலில் எமிலி துரைசானி என்கிற வெள்ளைக்கார அம்மா மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். கோயிலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று நாள் வாட்டர் கலரில் இதை வரைந்தார். மூன்று நாளும் அவருக்குக் குடை பிடித்து நின்றவர் சவுந்தரத்தின் பூட்டன் ஞானாபரணம். போகும்போது துரைசானி படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். ஞானாபரணம் தன் மகன் மாசிலாமணிக்குக் கொடுத்தார். மாசிலாமணி தன் மகன் ஏசுவடியானுக்குக் கொடுத்தார். ஏசுவடியானிடமிருந்து மகள் சவுந்தரத்துக்கு வந்தது. மூன்று நாள் குடை பிடித்ததற்கு நூற்றுமுப்பது வருஷமாகக் குடைக்கார வீடு என்று பேர். கல்யாணப் பத்திரிகையில் கூட அப்படித்தான் போடுவார்கள்.

கதையில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. சங்கடம் ஒன்றே ஒன்றுதான். சுவரில் தொங்குவது அந்தப் படம் இல்லை.

இது சவுந்தரத்துக்கு மட்டும் தெரியும். புருஷன் ஜெபமணிக்குக் கூடத் தெரியாது. ஜெபமணி பாளையம்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். பேச்சு குறைவு. இரண்டு பேருக்கும் சேர்த்து சவுந்தரமே பேசிவிடுவதால் வீட்டில் ஒன்றும் குறையில்லை. ஊருக்கு வருகிற தபால் அட்டைகளையெல்லாம் அவள் வாசித்துவிடுவாள். கேட்டால், "படிக்கக் கூடாதுன்னா மூடி அனுப்பியிருப்பாக" என்பாள். ஆனால் நாற்பது வருஷ சர்வீசில் யாருடைய கடிதத்தையும் ஒரு நாள்கூடப் பிந்திக் கொடுத்தது கிடையாது. அவளுக்கென்று ஒரு நேர்மை இருந்தது. அந்த நேர்மைக்கு வெளியே இருந்தது அந்தப் படம் ஒன்றுதான்.

நடந்தது 1979 டிசம்பரில். சவுந்தரத்துக்கு அப்போது பதினேழு வயது. அப்பா ஏசுவடியான் கோயிலில் உபதேசியார். பூசை நடத்துகிற பாதிரியார் ஐயர் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் ஊருக்குப் பொறுப்பு. அவர் வாயில் பொய் வந்து யாரும் கேட்டதில்லை. வரப்புச் சண்டை வந்தால் இந்துக்கள் கூட, "உபதேசியார் சொல்லட்டும், ஒத்துக்கிறோம்" என்று வந்து நிற்பார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் அவர் பக்கத்து ஊர்களுக்குப் பாட்டுக் குழுவோடு கிளம்பினார். திரும்பி வர மூன்று நாள் ஆகும். அம்மா பலகாரம் சுடுவதற்காக ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டைச் சுத்தம் பண்ணுகிற வேலை சவுந்தரத்தின் தலையில் விழுந்தது.

வெள்ளையடிக்கிறவர்கள் வருவதற்கு முன்னால் சுவரில் இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். இறக்கினாள். சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் துடைத்தாள். உள்ளே பார்த்தால் படத்தின் மேலும் கரிசல் புழுதி மெல்லிசாகப் படிந்திருந்தது. பொறுப்பான பிள்ளை. துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள்.

முதலில் வானம் துணிக்கு வந்தது. புழுதிதான் வருகிறது என்று நினைத்து இன்னொரு இழுப்பு இழுத்தாள். பனைமரங்கள் வந்தன. அதற்குள் நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் மறுபடி துடைத்தாள், கோபுரமும் மாட்டுவண்டியும் சேர்ந்து வந்துவிட்டன. சுவருக்குச் சுண்ணாம்புத் தண்ணீர், தரைக்குச் சாணித் தண்ணீர் என்று எதைத் துடைத்தாலும் ஈரத்துணியில் துடைத்தே பழகிய கை அது. வாட்டர் கலர் என்று ஆயிரம் தடவை சொன்ன வாய்க்கு, அதில் தண்ணீர் பட்டால் என்னவாகும் என்று ஒரு தடவையும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் அழுதாள். அழுதால் கோயில் திரும்பி வராது என்று தெரிந்ததும் நிறுத்தினாள். கழுவின தாளைச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் திணித்தாள். ஈரத்தாள் எரியவில்லை, புகைந்தது. வெளியே இழுத்து விறகுக் குவியலுக்குள் செருகிவிட்டு, கூடப் படித்த முனீஸ்வரி வீட்டுக்கு ஓடினாள். முனீஸ்வரியிடம் ஒரு கலர்ப் பெட்டியும் தடித்த டிராயிங் தாளும் இருந்தன. "எதுக்குடி?" என்று கேட்டதற்கு, "கிறிஸ்துமஸ் வாழ்த்து வரையணும்டி" என்றாள்.

இரண்டு நாள், பஞ்சு போட்டு வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். மறந்துபோனதை வாசலுக்கு ஓடி வந்து நிஜக் கோயிலைப் பார்த்துச் சரிபார்த்தாள். நீலம் போதவில்லை. வெள்ளைத்துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்தாள். கோபுரமும் பனையும் கூட ஒருவாறு அமைந்துவிட்டன. மாடுதான் வரவில்லை. மூன்று தடவை அழித்தழித்து வரைந்தும் அது ஆடாகவே வந்தது. ஆட்டுக்குப் பின்னால் வண்டியைப் பூட்டினால் நன்றாக இருக்காது என்று வண்டியை விட்டுவிட்டாள். பிறகு பழசாகத் தெரியட்டும் என்று டீத்தண்ணீர் தெளித்தாள். அதில் ஒரு பெரிய சொட்டு, கோயில் வாசலுக்கு நேர் மேலே விழுந்து வட்டமாக ஊறிக்கொண்டது. துடைக்கப் பயம். துடைத்ததன் பலனைத்தான் பார்த்தாயிற்றே. அந்த வட்டத்துக்கு ஓரம் கட்டி, உள்ளே நாலு கம்பி இழுத்து, ஜன்னலாக்கிவிட்டாள். நிஜக் கோயிலில் அப்படி ஒரு ஜன்னலே கிடையாது.

அப்பா வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். படத்தின் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார்.

"இது ஆடா?" என்றார்.

"ஆமாப்பா."

"நான் இத்தன வருஷமா மாடுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"ஆடுதான்ப்பா. எப்பவும் ஆடுதான்."

"கண்ணாடி மாத்தணும் போல. பவரு கூடிருச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா வெந்நீர் போடப் போனார். அவர் கண்ணாடி மாற்றவேயில்லை. அந்தக் கண்ணாடியோடுதான் 2003இல் அடக்கம் பண்ணினார்கள். அடுத்த டிசம்பரிலிருந்து படத்தைத் துடைக்கிற நாளில் மட்டும் அவர் வெளியூர் போவதில்லை. காய்ந்த துணி ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்து, "இதுல தொடம்மா, போதும்" என்பார். வயசாக ஆக அப்பாவுக்குப் படத்தின் மேல் பாசம் கூடிவிட்டது என்று சவுந்தரம் நினைத்துக்கொண்டாள்.

வந்து போகிறவர்களில் ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டுமே. வரவில்லை. யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, கதை சொல்கிறவள் வாயைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். அன்றிலிருந்து கதையை இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. 1988இல் அடித்த சூறைக்காற்றில் கோயிலின் முன்சுவர் சரிந்தது. எப்படிக் கட்டுவது என்று கமிட்டி கூடியபோது, உபதேசியார் எழுந்து போய் வீட்டிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"ஆதியில எப்படி இருந்துச்சோ அப்படியே கட்டுவோம். வாசலுக்கு மேல வட்ட ஜன்னல் இருந்திருக்கு பாருங்க" என்றார்.

"இப்ப இடிஞ்ச சுவத்துல ஜன்னலே இல்லயே?"

"நடுவுல யாராவது அடைச்சிருப்பாக."

உபதேசியார் சொன்னால் மறுபேச்சு ஏது. அது மட்டுமா, ஒரு வாரத்துக்குள் தாவீது என்கிறவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தது தன் தாத்தாதான் என்றும், தான் சின்னப்பிள்ளையில் சாந்துச் சட்டி தூக்கியதாகவும் அவர் கோயில் வாசலில் நின்று சொன்னார். சவுந்தரம் வீட்டுக்குள் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். வட்ட ஜன்னல் வந்தது. நாலு கம்பி கூட அதேபோல வைத்தார்கள். அதற்கு எமிலி ஜன்னல் என்று பேர் வைத்து, கீழே கல்லும் பதித்தார்கள். அப்பா படத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பூச்சி போகாமல் இருக்கட்டும் என்று சட்டத்தின் பின்பக்கம் தடித்த காக்கித்தாள் ஒட்டிக் கொண்டுவந்தார். அதன்பின் அதை யாரும் திறக்கவில்லை. கிருபைநத்தத்தில் நடக்கிற எந்தக் கல்யாணமானாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். சவுந்தரமும் ஜெபமணியும் அப்படித்தான் நின்றார்கள். அந்தப் போட்டோவில் மணப்பெண் மேலே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் கோயிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. கமிட்டிச் செயலாளர் சுஜின் விருதுநகரில் வேலை பார்க்கிறவன், நாற்பது வயதுக்காரன், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற ரகம். ஆண்டு மலரின் அட்டையில் படத்தைப் போட வேண்டும், அதன் வரலாற்றை ஒரு நிபுணர் எழுத வேண்டும் என்று முடிவு பண்ணி, மதுரையிலிருந்து பிரவீணா என்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழைய ஓவியங்களைப் பரிசோதிப்பதுதான் அவள் வேலை.

பிரவீணா மேஜைக்கு முன்னால் நின்றாள். சவுந்தரம் குடைக் கதையை ஆரம்பித்தாள். அந்தப் பெண் அவள் வாயைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அப்படிப் பார்த்த இரண்டாவது ஆள்.

"அம்மா, சட்டத்தக் கழட்டித் தாளப் பார்க்கணுமே" என்றாள்.

"கலர் குடிக்கிறியாம்மா? வெயில்ல வந்திருக்க" என்றாள் சவுந்தரம்.

கலர் சோடாவைக் குடித்து முடித்ததும் பிரவீணா அதையே மறுபடி கேட்டாள். சவுந்தரம் சுஜின் பக்கம் திரும்பினாள். "இது கவர்மெண்டு ஆபீசுப்பா. ஆபீசு நேரத்துல ஆபீசுச் சுவத்துல இருக்கிறதக் கழட்டணும்னா மேலேருந்து எழுத்துல வரணும்."

"அத்த, படம் உங்க வீட்டுப் படம்தான?"

"படம் என்னது. சுவரு அவுகளது."

சுவரும் அவளுடையதுதான். ஆனால் சுஜின் முறையான ஆள் ஆயிற்றே, மேலே எழுதிப்போட்டான். பதில் வந்தது. திருச்சுழியிலிருந்து வந்த பையில் அந்த உறை இருந்தது. ஆட்சேபணை இல்லை என்றுதான் இருக்கும் என்று மூடின உறையைப் பார்த்தே சவுந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் டிராயரில் போட்டு வைத்தால் கேட்பார் இல்லை. ஆனால் அவள் அன்றைய தேதி முத்திரையைக் குத்தி, தானே நடந்துபோய் சுஜின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி ஊரையே ஒரு ஜன்னல் கட்ட வைத்தவர் அப்பா. படம் பொய் என்றால் ஊர் முதலில் கேட்கப்போவது, உபதேசியாருமா என்றுதான். கல்லறையில் படுத்திருக்கிற மனுஷன் எழுந்து வந்து எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லவா முடியும். அப்பாவின் பேரை எப்படியாவது தப்ப வைக்க வேண்டும் என்பது ஒன்றே அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பீடத்துக்குக் கீழே மேஜை போட்டு, படத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். ஐயர் நின்றார், சுஜின் நின்றான், சபையில் பாதி நின்றது. தாவீதுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது, அவரையும் நாற்காலியோடு தூக்கி வந்து முன்னால் வைத்திருந்தார்கள். பிரவீணா சின்னக் கத்தியால் காக்கித்தாளைப் பாதி வரை கிழித்தாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் சவுந்தரம். "ஐயரே, நான் ஒண்ணு சொல்லணும். அது துரைசானி வரஞ்சது இல்ல. நான் வரஞ்சது. துரைசானி படத்த நான் ஈரத்துணி வச்சுத் தொடச்சு அழிச்சுட்டேன். ஜன்னலு டீ சிந்துனது. எங்கப்பாவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. கண்ணு மங்கலா இருந்ததுனால ஏமாந்துட்டாக. உண்மைன்னு நம்பித்தான் கமிட்டிக்குக் கொண்டு வந்தாக. பழி என்னோடது. அவுகளை யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

ஜெபமணி முதல் தடவையாகத் தன் பெண்டாட்டியை வாய் திறந்து பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பிரவீணா, ஏற்கெனவே பாதி கிழித்திருந்த தாளை முழுக்கக் கிழித்தாள். உள்ளே சவுந்தரம் வரைந்த தாளின் முதுகு தெரியவில்லை. வேறொரு தாள் தெரிந்தது. ஓரம் கருகி, அங்கங்கே நீலமும் பச்சையும் கலங்கிப்போய், விறகு கீறிய தடத்தோடு இருந்த அதன் பின்பக்கத்தில் மையால் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தைச் சபையில் பாதிப்பேர் தங்கள் ஞானஸ்நானச் சீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

ஐயர் வாங்கி வாசித்தார்.

"இது எமிலி துரைசானி வரைந்த படம். என் மகள் சவுந்தரம் கிறிஸ்துமசுக்கு இதைக் குளிப்பாட்டிவிட்டாள். விறகுக்குள் கிடந்ததை எடுத்து வைத்தேன். முன்னால் இருப்பது அவள் வரைந்தது. பிள்ளை பயந்து கிடந்தாள், ஆகையால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை. வட்ட ஜன்னல் விஷயத்தில் குற்றவாளி நான். கோயிலுக்குள் வெக்கை தாங்காமல் கிழவிகள் மயங்கி விழுகிறார்கள், காற்றுக்கு ஒரு வழி விடுங்கள் என்று ஒன்பது வருஷம் கேட்டேன், கமிட்டி கேட்கவில்லை. துரைசானி வைத்த ஜன்னல் என்றதும் கேட்டார்கள். கர்த்தர் மன்னிப்பாராக. ஆடு நன்றாக வந்திருக்கிறது. ஏசுவடியான், 1988."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஐயர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து வட்ட ஜன்னல் வழியாகக் காற்று வேறு வந்து மேஜையில் இருந்த தாளைத் தூக்கிற்று. சுஜின் ஓடிப் பிடித்தான். தாவீது மட்டும் சிரிக்கவில்லை. "படம் பொய்யா இருந்துட்டுப் போகுது. ஜன்னல அடச்சது எங்க தாத்தாதான்" என்றார்.

சவுந்தரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பாவைக் காப்பாற்ற வந்தவளை அப்பா எப்போதோ காப்பாற்றிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் கையில் வந்து விழுந்த அந்தக் காய்ந்த துணி ஞாபகத்துக்கு வந்தது. அப்பா உயிரோடு இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாள் இதைப் பேசிச் சிரித்திருக்கலாமே என்று நினைத்ததும் அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததால், அவளும் சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மலரில் அந்தக் கலங்கின படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று பிரவீணா கேட்டதற்குச் சவுந்தரமே சொன்னாள். எமிலி துரைசானி வரைந்தது, ஞானாபரணம் குடை பிடித்தது, சவுந்தரம் கழுவியது, ஏசுவடியான் ஒளித்து வைத்தது. அச்சில் அப்படியேதான் வந்திருக்கிறது. எமிலி ஜன்னல் என்ற கல்லை மாற்றலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. இன்னும் முடிவாகவில்லை.

இப்போது தபாலாபீசில் இரண்டு சட்டங்கள் தொங்குகின்றன. ஒன்றில் கோயிலும் ஆடும். இன்னொன்றில் கலங்கின வெறுந்தாள். போன வாரம் ஆதார் அட்டை விஷயமாக பாலவனத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். "இது என்னக்கா, ஒண்ணுமே இல்லாத தாளுக்குக் கண்ணாடி போட்டு வச்சிருக்கீக?" என்று கேட்டாள். அவ்வளவுதான், சவுந்தரம் டிராயரை மூடினாள். மாட்டுவண்டி, முக்காலி, மூன்று நாள் குடை, ஈரத்துணி, டீ, ஆடு, ஜன்னல் என்று வரிசையாக வந்து கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அவுகளுக்கு எல்லாம் தெரியும். சாகுறதுக்கு மொத நாளு என்னய பக்கத்துல கூப்பிட்டாக. கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஆடு நல்லா வந்திருக்கு தாயி'ன்னு சொன்னாக" என்றாள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு ஏசுவடியான் பேசுகிற நிலையிலேயே இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் ஜெபமணி. இப்போது அவர் தபாலாபீஸ் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.